மூடிய நூலகத்துக்குத் திரும்பிய இழைகள்

எங்கள் சேவை நிரல் வேலை மும்முரமாக இருக்கும்போது ஒருநாளும் விழுந்ததில்லை. வேலை ஓய்ந்து, இழைக் குழாமில் சும்மா இருந்த இழைகள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் வேலைத் தடங்கள்) ஒவ்வொன்றாக விடைபெறும் நேரத்தில்தான் விழும். அதுவும், அன்று பகலில் யாரேனும் ஒரு செருகுநிரலைப் புதுப்பித்திருந்தால் மட்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நெடுநாள் பிடித்தது. புதுப்பித்தவர் மாலையில் வீட்டுக்குப் போயிருப்பார், நிரல் இரவில் விழும், நிரல் விழுந்த கணத்து நினைவகத்தின் நகலான கோர் கோப்பை மறுநாள் காலையில் திறப்பவருக்கு முந்தைய நாள் நடந்தது எதுவும் தெரிந்திருக்காது.

தாய் நிரல் சி++ மொழியில் எழுதப்பட்டது. வெவ்வேறு தரவு வடிவங்களைப் படிக்கும் பகுதிகள் தனித்தனிப் பகிர்வு நூலகங்களாக, அதாவது தனியே ஏற்றி இறக்கக்கூடிய செருகுநிரல்களாக, இருந்தன. நிரலை நிறுத்தாமலே 'டிஎல்குளோஸ்' மூலம் பழைய செருகுநிரலை இறக்கிவிட்டு 'டிஎல்ஓப்பன்' மூலம் புதியதை ஏற்றுவது என்பது, நான் அந்தக் குழுவில் சேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்த முடிவு. லினக்ஸில் இது எளிதாகச் செய்யக்கூடியது போலத் தோன்றும். இரண்டு அழைப்புகள், இரண்டும் பெரும்பாலும் வெற்றி என்றே பதில் தரும்.

ஜிடிபி வழுநீக்கியில் கோர் கோப்பைத் திறந்தால், அழைப்பு அடுக்கின் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியலின்) உச்சியில் பெயரில்லாத ஒரு முகவரியும் இரண்டு கேள்விக்குறிகளும் இருந்தன. அதற்குக் கீழே, லினக்ஸில் வழக்கமான சி நூலகமாகிய ஜிலிப்சியின் 'என்பிடிஎல் டீஅலோகேட் டிஎஸ்டி'. அதற்கும் கீழே 'ஸ்டார்ட் திரெட்'. எங்கள் நிரலின் ஒரு வரிகூட அந்த அடுக்கில் இல்லை. இப்படி ஓர் அடுக்கைப் பார்த்தால் இப்போது எனக்குக் காரணம் உடனே விளங்கிவிடும், ஆனால் அன்று நினைவகம் எங்கோ சிதைந்திருக்கிறது என்று எண்ணி, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டை ஓட்டிக்கொண்டு இரண்டு நாள்களை வீணடித்தேன்.

நடந்தது இதுதான். அந்தச் செருகுநிரல் சி மொழியில் எழுதப்பட்ட பழையது. ஒவ்வோர் இழைக்கும் தனியாக ஒரு தற்காலிக நினைவகம் வேண்டும் என்பதற்காக அது 'பிதிரெட் கீ கிரியேட்' என்ற செயற்கூறை அழைத்து ஒரு சாவியை உருவாக்கியிருந்தது. அந்த அழைப்பில், சாவியோடு சேர்த்து ஓர் அழிப்பியின் (முடிவில் துப்புரவு செய்யும் செயற்கூறின்) முகவரியையும் கொடுக்கலாம். இழை முடியும்போது, அந்தச் சாவியில் அந்த இழை வைத்திருக்கும் மதிப்பு வெற்றாக இல்லாவிட்டால், கணினி அந்த அழிப்பியை அழைக்கும். சாவிகளின் அட்டவணை செயல்முறை முழுமைக்கும் பொதுவானது. ஜிலிப்சியில் அதிகபட்சம் 1024 சாவிகள். அட்டவணையில் இருப்பது வெறும் முகவரிதான். அந்த முகவரி எந்த நூலகத்தைச் சேர்ந்தது, அந்த நூலகம் இன்னும் நினைவகத்தில் இருக்கிறதா என்று கவனிக்க அங்கே யாரும் இல்லை. செருகுநிரல் இறக்கப்பட்ட பின்னும் அட்டவணையில் அந்த முகவரி அப்படியே இருந்தது. சில மணி நேரம் கழித்து ஓர் இழை முடிந்தபோது ஜிலிப்சி கடமை தவறாமல் அந்த முகவரிக்குத் தாவியது. அங்கே எதுவும் இல்லை. எதுவும் இல்லாமல் போனது எங்கள் நல்லூழ். அதே இடத்தில் வேறொரு நூலகம் ஏற்றப்பட்டிருந்தால், அதன் ஏதோ ஒரு செயற்கூறின் நடுவில் போய் விழுந்து, விழாமல் தொடர்ந்து ஓடித் தரவைக் கெடுத்திருக்கும்.

செருகுநிரல் இறங்கும்போது 'பிதிரெட் கீ டிலீட்' அழைத்துச் சாவியை நீக்கிவிட்டால் போதுமே என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது; நூலகம் இறங்கும்போது இயங்கும் இறுதிச் செயற்கூறில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். நிரல் விழுவது குறைந்தது, ஆனால் இரண்டு குறைகள் மிஞ்சின. முதலாவது, சாவியை நீக்குவது எந்த இழையின் அழிப்பியையும் அழைக்காது என்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வோர் இழையும் வைத்திருந்த நினைவகத்தை விடுவிப்பது நிரலாளரின் பொறுப்பு, எனவே ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் இழைகளின் எண்ணிக்கை அளவுக்கு நினைவகம் கசிந்தது. இரண்டாவது குறை நுட்பமானது. முடிந்துகொண்டிருக்கும் ஓர் இழை, அட்டவணையிலிருந்து அழிப்பியின் முகவரியைப் படித்துவிட்டு, அதை அழைப்பதற்கு முந்தைய கணத்தில் நின்றிருக்கும்போது, இன்னோர் இழை சாவியை நீக்கி நூலகத்தையும் இறக்கிவிட்டால், அந்த முதல் இழை பழைய முகவரிக்கேதான் தாவும். இந்த இடைவெளி மிகச் சிறியது என்பது உண்மை. அன்றாடம் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிறப்பித்து முடிக்கும் ஒரு நிரலில் மிகச் சிறிய இடைவெளி என்பதற்கு, மாதம் ஒருமுறை விழும் என்று பொருள்.

ஆகவே செருகுநிரலை சி++ மொழிக்கு மாற்றி, சாவிக்குப் பதிலாக 'திரெட் லோக்கல்' என்ற மொழிச் சொல்லையே பயன்படுத்தினேன். 2011ஆம் ஆண்டின் சி++ தரத்தில் வந்த வசதி இது. அழிப்பி உள்ள ஒரு பொருளை இழைதோறும் ஒன்றாக அறிவித்துவிட்டால், இழை முடியும்போது அதன் அழிப்பியை அழைக்கும் வேலையைத் தொகுப்பானும் இயக்க நூலகமும் பார்த்துக்கொள்ளும். சி++ தரம், பகிர்வு நூலகங்களைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. அவற்றை இறக்குவதைப் பற்றி எப்படிப் பேசும்? ஆனால் லினக்ஸில் தொகுப்பான்கள் பின்பற்றும் இரும எல்லை உடன்பாட்டில் (தொகுத்த நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் விதிகள், ஏபிஐ) இதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அழிப்பியையும் பதிவுசெய்யும்போது தொகுப்பான் 'சிஎக்ஸ்ஏ திரெட் அட்எக்ஸிட்' என்ற செயற்கூறுக்கு மூன்று தகவல்களைத் தருகிறது: அழிப்பியின் முகவரி, பொருளின் முகவரி, பதிவுசெய்யும் நூலகம் எது என்று காட்டும் ஒரு கைப்பிடி. சாவிகளின் உலகத்தில் இல்லாத தகவல் அந்த மூன்றாவதுதான்.

ஜிசிசி தொகுப்பானின் 4.8 பதிப்பு 2013ஆம் ஆண்டு மார்ச்சில் 'திரெட் லோக்கல்' வசதியோடு வந்தது. அந்த மூன்றாவது தகவலை உண்மையில் பயன்படுத்தும் செயலாக்கம் ஜிலிப்சியின் 2.18 பதிப்பில், அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அது இல்லாத இடங்களில், ஜிசிசியின் சி++ நூலகமான லிப்எஸ்டிடிசி++ தன்னிடமுள்ள மாற்று வழிக்குப் போகும். அந்த வழி உள்ளுக்குள் பழைய சாவிதான், லினக்ஸ் போன்ற தளங்களில் கைப்பிடியைக் கண்டுகொள்வதில்லை. அதாவது, நவீனமான சொல்லை எழுதிவிட்டோம் என்பதற்காகப் பழைய ஆபத்து போய்விட்டது என்று அடியிலிருக்கும் நூலகத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஜிலிப்சி செய்வது எளிமையானது. நூலகங்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதிக்கு 'ஏற்றி' என்று பெயர்; ஏற்றப்பட்ட ஒவ்வொரு நூலகத்துக்கும் அது ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறது. 'லிங்க் மேப்' என்பது அந்தக் குறிப்பேட்டின் பெயர். அதில் ஓர் எண்ணிக்கை சேர்க்கப்பட்டது. ஓர் இழை அந்த நூலகத்தின் சார்பில் ஓர் அழிப்பியைப் பதிவுசெய்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். இழை முடிந்து அந்த அழிப்பி ஓடித் திரும்பிய பிறகு ஒன்று குறையும். 'டிஎல்குளோஸ்' அழைக்கப்படும்போது எண்ணிக்கை சுழியாக இல்லாவிட்டால், யாரோ ஒருவர் இன்னும் பயன்படுத்துகிறார் என்று கருதி ஏற்றி அந்த நூலகத்தை இறக்காமல் விட்டுவிடும். எண்ணிக்கை பின்னர் சுழியானாலும் அந்தக் கணமே நூலகம் இறங்குவதில்லை. பிறகு எப்போதாவது வேறொரு நூலகம் உண்மையாக மூடப்படும் வேளையில் ஏற்றி எல்லாவற்றையும் கணக்கெடுக்கும்போதுதான் இதுவும் சேர்ந்து போகும்.

நிரல் விழுவது அன்றோடு நின்றது. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு சக ஊழியர் வந்து, தான் திருத்திய செருகுநிரலை ஏற்றிய பிறகும் பழைய பிழையே தொடர்கிறது என்றார். கோப்பின் தேதி சரியாக இருந்தது, பதிவேட்டில் இறக்கம் வெற்றி, ஏற்றம் வெற்றி என்று இருந்தது. செயல்முறையின் நினைவக வரைபடத்தைப் பார்த்தபோது பழைய கோப்பே இன்னும் அங்கே இருந்தது. அதன் பெயருக்கு எதிரே 'டெலீட்டட்' என்ற குறிப்பு மட்டும் புதிதாக இருந்தது. புதிய கோப்பு அதே பாதையில் வைக்கப்பட்டிருந்ததால், 'டிஎல்ஓப்பன்' அழைத்தபோது ஏற்றி, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நூலகம் இருப்பதைக் கண்டு அதையே திருப்பிக் கொடுத்துவிட்டது. 'டிஎல்குளோஸ்' சுழியைத் திருப்பித் தந்ததில் பொய் ஏதுமில்லை. நூலகத்தை நினைவகத்திலிருந்து அகற்றியே தீர வேண்டும் என்று போசிக்ஸ் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. 'இந்தக் கைப்பிடி எனக்கு இனி வேண்டாம்' என்று நாம் சொல்கிறோம், கேட்டுக்கொண்டதாக அது சொல்கிறது, அவ்வளவுதான். நூலகம் இறங்காததால் அதிலிருந்த பொது மாறிகளின் அழிப்பிகளும் ஓடவில்லை. அவற்றில் ஒன்றின் வேலை புள்ளிவிவரங்களைக் கோப்பில் எழுதுவது என்பதும், அந்தக் கோப்பு ஒரு வாரமாகக் காலியாக இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதே அனுபவம் ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கும் நேர்வதுண்டு. ரஸ்டின் அடிப்படை நூலகமும் லினக்ஸில் ஜிலிப்சியின் அதே பதிவுச் செயற்கூறைத்தான் நாடுகிறது. பகிர்வு நூலகமாகத் தொகுக்கும்போது அடிப்படை நூலகம் வழக்கமாக அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிடுவதால், பதிவு அந்த நூலகத்தின் பெயரிலேயே விழும். அழிப்பு வேலை உள்ள ஓர் இழைசார் மாறியை (இழைதோறும் தனியாக இருக்கும் மாறியை) ஓர் இழை ஒருமுறை தொட்டுவிட்டாலே போதும், அந்த இழை உயிரோடு இருக்கும்வரை நூலகம் நகராது.

இங்கே 'தொட்டால்' என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செயற்கூறுக்கு வெளியே அறிவிக்கப்பட்ட இழைசார் பொருள்கள் இழை பிறக்கும்போதே உருவாவதில்லை. அந்த இழை முதன்முறையாக அதைப் பயன்படுத்தும்போதுதான் உருவாகின்றன. ஆனால் ஜிசிசியில், ஒரு மூலக் கோப்பிலுள்ள அத்தகைய பொருள்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொடக்கச் செயற்கூறுதான் உண்டு. ஒன்றைத் தொட்டால் அந்தக் கோப்பிலுள்ள எல்லாமும் உருவாகி, எல்லாவற்றின் அழிப்பிகளும் பதிவாகும். செயற்கூறுக்கு உள்ளே அறிவிக்கப்பட்டவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் அதனதன் வரியை அடையும்போது தனித்தனியே உருவாகும். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நூலகம் இறங்காமல் அடம்பிடிப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் நோயறியும்போது கவனம் தேவை. வார்ப்புருக்களின் நிலை ('ஸ்டேட்டிக்') மாறிகள், உட்பொதி செயற்கூறுகளின் நிலை மாறிகள் ஆகியவற்றுக்கு ஜிசிசி 'தனித்துவக் குறியீடு' என்ற ஒரு வகையைத் தருகிறது; அப்படியொரு குறியீட்டை ஏற்றி தன் அட்டவணையில் சேர்த்துவிட்டால், அதை வரையறுத்த நூலகம் நிரந்தரமாகத் தங்கிவிடும். இழைகளையெல்லாம் முடித்த பிறகும் நூலகம் நினைவகத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதை அணைக்கத் தொகுப்பானில் ஒரு தெரிவு உண்டு. நூலகம் இருக்கிறதா என்று நிரலுக்குள்ளிருந்தே கேட்பதற்கு 'ஆர்டிஎல்டி நோலோட்' என்ற கொடியுடன் 'டிஎல்ஓப்பன்' அழைக்கலாம். நூலகம் இல்லாவிட்டால் அது ஏற்றாமல் வெற்று மதிப்பைத் தரும். இருந்தால் ஒரு கைப்பிடி கிடைக்கும், அதை மறக்காமல் மூட வேண்டும். சோதிக்கப் போய் நாமே ஒரு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு நூலகம் இறங்கவில்லை என்று புலம்பிய நாளும் உண்டு.

மூன்றாவது தொல்லை ஜிலிப்சியின் எண்ணிக்கையால் காப்பாற்ற முடியாதது. என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தாய் நிரலில், ஒவ்வோர் இழையும் கடைசியாகப் பயன்படுத்திய வாசிப்பானை நினைவில் வைத்துக்கொள்வதற்காக ஓர் இழைசார் மாறி இருந்தது. மாறியின் வகை, தாய் நிரலில் அறிவிக்கப்பட்ட அடிப்படை இனக்குழுவுக்கான, தான் சுட்டும் பொருளைத் தானே அழிக்கும் திறன்சுட்டு. அது சுட்டிய பொருளோ செருகுநிரல் உருவாக்கியது. இப்போது பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாறி தாய் நிரலுடையது, ஆகவே கைப்பிடியும் தாய் நிரலுடையது, எண்ணிக்கையும் தாய் நிரலின் கணக்கில்தான் கூடும். செருகுநிரலின் கணக்கில் ஒன்றுமே இல்லை. செருகுநிரல் தடையின்றி இறங்கும். இழை முடியும்போது தாய் நிரலின் அழிப்பி ஓடி, மெய்நிகர் அழிப்பியை அழைக்க வேண்டி, பொருளின் மெய்நிகர் அட்டவணையை (எந்தச் செயற்கூறை அழைப்பது என்று சொல்லும் முகவரிப் பட்டியலை) தேடும். அந்த அட்டவணை இருந்தது செருகுநிரலில்.

எந்த நூலகம் பதிவுசெய்தது என்பதை ஜிலிப்சி அறியும். அந்தப் பொருளுக்குள் வேறு யாருடைய செயற்கூறு ஒளிந்திருக்கிறது என்பதை அது அறிய வழியில்லை. சுட்டு என்றால் கண்ணுக்குத் தெரியும். செருகுநிரல் கொடுத்த ஒரு லாம்ப்டாவை (பெயரில்லாச் செயற்கூறை) தாய் நிரல் ஒரு 'ஸ்டட் ஃபங்க்ஷன்' பொருளில் வைத்திருந்தாலும், தனக்கென்று ஒரு விடுவிப்பான் கொண்ட பகிர்வுச் சுட்டை வைத்திருந்தாலும், செருகுநிரல் எறிந்த ஒரு விதிவிலக்கைப் பிறகு ஆராயலாம் என்று பத்திரப்படுத்தியிருந்தாலும் அதே கதைதான். அவ்வாறான பொருள்களின் உள்ளே செருகுநிரலின் முகவரிகள் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இதற்கு நாங்கள் கண்ட மருந்து, அப்படி வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளோடும் செருகுநிரலின் கைப்பிடிக்கான ஒரு பகிர்வுச் சுட்டையும் சேர்த்து வைப்பது. பொருள் முதலிலும் கைப்பிடி பிறகும் அழியும்படி வரிசையைக் கவனிக்க வேண்டும். சி++ இனக்குழுவில் உறுப்புகள் அறிவித்த வரிசைக்கு எதிர்வரிசையில் அழியும் என்பதால் கைப்பிடியை மேலே அறிவிக்க வேண்டும். இதை மாற்றி எழுதினால் தொகுப்பான் எச்சரிக்காது.

வரிசையைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. ஜிலிப்சியில் ஓர் இழை முடியும்போது 'திரெட் லோக்கல்' பொருள்களின் அழிப்பிகள் முதலில் ஓடும். பழைய சாவிகளின் அழிப்பிகள் அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் நான்கு சுற்றுகள் வரை ஓடும். சி மொழி நூலகம் ஒன்று தன் சாவி அழிப்பியிலிருந்து நம் சி++ செயற்கூறு எதையேனும் திரும்ப அழைத்து, அது ஓர் இழைசார் பொருளைத் தொட்டால், தொடப்படுவது ஏற்கெனவே அழிந்த பொருள். பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது போன்ற அப்பாவியான வேலைகளில்தான் இது நடக்கும்.

நூலகம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்படி எழுத முடியாதா என்று நான் பல நாள் முயன்றேன். ஓர் இழை உள்ளே வரும்போது செருகுநிரலே தன்னை இன்னொருமுறை 'டிஎல்ஓப்பன்' செய்து பிடித்துக்கொள்ளலாம், இழை முடியும்போது அழிப்பியின் கடைசி வரியில் 'டிஎல்குளோஸ்' அழைத்து விட்டுவிடலாம் என்பது ஒரு திட்டம். அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். அது கடைசிப் பிடியாக இருந்தால், 'டிஎல்குளோஸ்' வேலையை முடித்துத் திரும்ப வேண்டிய இடம் அழிப்பியின் மிச்சமுள்ள இரண்டு மூன்று கட்டளைகள். அவை இருந்த பக்கங்களைத்தான் இப்போது அகற்றிவிட்டோம். எண்ணிக்கையை நூலகத்துக்குள்ளேயே வைத்து, அழிப்பியின் இறுதியில் குறைத்து, சுழியானதும் இன்னோர் இழை இறக்கட்டும் என்றாலும் இதே நிலைதான்: எண்ணிக்கையைக் குறைத்த கட்டளைக்கும் செயற்கூறிலிருந்து திரும்பும் கட்டளைக்கும் இடையே ஒரு கணம் இருக்கிறது, அந்தக் கணத்தில் இறக்குபவர் முந்திக்கொள்ளலாம். எத்தனை மியூடெக்ஸ் போட்டாலும் பூட்டைத் திறக்கும் கட்டளைக்குப் பின் ஒரு கட்டளையாவது மிஞ்சும். நிற்கும் கிளையை அங்கிருந்தே வெட்ட முடியாது. தரையில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

ஜிலிப்சியின் வடிவமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்கு இந்தத் தோல்விக்குப் பிறகுதான் விளங்கியது. எண்ணிக்கையைக் குறைப்பது அழிப்பி அல்ல. அழிப்பி ஓடித் திரும்பி வந்த பிறகு, ஜிலிப்சி தன் சொந்த எல்லைக்குள் நின்று குறைக்கிறது. குறைத்த உடனே இறக்காமல் பின்னொரு மூடலுக்குத் தள்ளிப்போடுவதால், முடிந்துகொண்டிருக்கும் இழையின் தலையில் ஏற்றியின் பெரிய வேலைகள் விழுவதுமில்லை. விண்டோஸ் இதே சிக்கலுக்கு வேறு விதமாக விடை தருகிறது: 'ஃப்ரீ லைப்ரரி அண்டு எக்ஸிட் திரெட்' என்று ஒரே அழைப்பாக ஒரு செயற்கூறை வைத்திருக்கிறது. நூலகத்தை விட்டுவிட்டு இழையையும் அங்கேயே முடித்துவிடும். திரும்பி வருவதே இல்லை என்பதால் திரும்ப ஓர் இடம் தேவையில்லை. அதே விண்டோஸில், ஒரு நூலகத்தை இறக்கும்போது, உயிரோடுள்ள மற்ற இழைகளின் சார்பில் 'இழை விலகல்' அறிவிப்பு நூலகத்துக்கு வராது. இறக்கும் இழையில் 'செயல்முறை விலகல்' மட்டும் ஒருமுறை வரும். ஆனால் எஃப்எல்எஸ் என்ற தனிச் சேமிப்பு முறையைப் பயன்படுத்தியிருந்தால், அதை விடுவிக்கும் அழைப்பே மதிப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் திரும்பழைப்பை ஓட்டிவிடும். போசிக்ஸின் சாவி நீக்கத்தில் இல்லாத அந்த ஒரு குணத்தைக் கண்டு நான் பொறாமைப்பட்டது உண்டு.

ஆல்பைன் லினக்ஸ் கொள்கலன்களில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருக்கும் மஸ்ல் நூலகத்தின் வழி எல்லாவற்றிலும் நேரடியானது: அங்கே 'டிஎல்குளோஸ்' எதையும் இறக்குவதில்லை. நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அழிப்பிகள் ஒருநாளும் வெற்றிடத்தில் விழா. ஆண்ட்ராய்டின் பயோனிக் நூலகம் 2015ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 6.0 முதல் ஜிலிப்சி பாணிப் பதிவுச் செயற்கூறைத் தருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்காகத் தொகுத்தால் மாற்று வழியும் பழைய ஆபத்தும்தான்.

என்னைக் கேட்டால் மஸ்ல் செய்வதே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பேன். செருகுநிரலை 'ஆர்டிஎல்டி நோடிலீட்' கொடியுடன் ஏற்றிவிடலாம், அல்லது இணைப்பானிடம் 'நோடிலீட்' தெரிவைக் கொடுத்து நூலகத்திலேயே அந்தக் குறியைப் பொறித்துவிடலாம். புதிய பதிப்பை வேறு பெயருள்ள கோப்பாக வைத்து ஏற்றினால் பழையது ஓரமாக உறங்கிக்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு ஒருமுறை புதுப்பித்தால்கூட, சில மெகாபைட் அளவுள்ள நூலகத்துக்கு இது பொருட்படுத்தத்தக்க செலவல்ல. எங்களுக்கு அது ஏற்புடையதாக இல்லாததற்குக் காரணம், செருகுநிரல்கள் பெரிய அட்டவணைகளை வைத்திருந்ததும், அவை பொது மாறிகளின் அழிப்பியில்தான் விடுவிக்கப்பட்டன என்பதும்தான். செருகுநிரலைத் தனிச் செயல்முறையாக ஓட்டியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் வாதிடப் போவதில்லை; அது சரியான யோசனை, எங்களுக்கு நேரமில்லை.

முதலில் செய்து பார்த்தது, செருகுநிரலில் 'திரெட் லோக்கல்' வெறும் சுட்டாக மட்டும் இருப்பது. வெறும் சுட்டுக்கு அழிப்பி கிடையாது, ஆகவே பதிவும் கிடையாது. அது சுட்டும் பொருளை விடுவிக்க 'இழை விடைபெறுகிறது' என்ற ஒரு செயற்கூறைச் செருகுநிரல் வெளியிடும். அதைத் தாய் நிரல் ஒவ்வொரு பணி இழையிலிருந்தும் அழைக்க வேண்டும். அழைப்பு முடிந்து தாய் நிரலுக்குத் திரும்பிவிட்டால், அந்த இழையின் அடுக்கில் செருகுநிரலின் சுவடு எதுவும் இருக்காது என்பது உறுதி. தரையில் நிற்கும் இன்னொருவர் கிடைத்துவிட்டார். எங்கள் குழாமுக்கு ஒரே பொது வரிசைதான் என்பதால், குறிப்பிட்ட ஓர் இழைக்கு வேலை கொடுக்க வழியில்லை; எத்தனை இழைகளோ அத்தனை வேலைகளை வரிசையில் போட்டு, எல்லாரும் வந்து சேரும்வரை ஒவ்வொன்றும் ஒரு தடுப்பில் காத்திருக்கும்படி செய்தால், ஓர் இழை ஒரு வேலையை மட்டுமே எடுக்க முடியும். இது வேலை செய்தது. ஆனால் அந்த நேரத்தில் குழாமில் ஓர் இழைகூடக் கூடவோ குறையவோ கூடாது, தானாக முடியும் இழைகளும் விடைபெறும் செயற்கூறை மறக்காமல் அழைக்க வேண்டும் என்று விதிகள் பெருகின. செருகுநிரல் எழுதுபவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மீறினார்கள்.

கடைசியில் எளிய வழிக்கு வந்தோம். ஒவ்வொரு செருகுநிரலுக்கும் தனி இழைக் குழாம். புதுப்பிக்க வேண்டுமானால் அந்தக் குழாமுக்கு வேலை தருவதை நிறுத்தி, எல்லா இழைகளையும் 'ஜாயின்' செய்து, பிறகு மூடுவது. இங்கே 'ஜாயின்' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் முதல் வடிவத்தில் ஒவ்வோர் இழையும் தன் செயற்கூறின் கடைசி வரியில் ஓர் எண்ணிக்கையைக் குறைத்தது, அது சுழியானதும் மூடினோம். இழைசார் அழிப்பிகள் ஓடுவது அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் என்பதை மறந்துவிட்டோம். எண்ணிக்கை சுழி, இழைகளோ இன்னும் அழிப்பிகளுக்குள். 'ஜாயின்' அப்படி ஏமாறாது, ஏனெனில் அது காத்திருப்பது இழை முழுவதுமாக முடிந்ததும் கெர்னல் தரும் சைகைக்காக. அந்தச் சைகை வருவதற்குள் அழிப்பிகள் எல்லாம் ஓடி முடிந்திருக்கும். பிரித்துவிடப்பட்ட இழைகளுக்கு இந்த உறுதி கிடையாது என்பதால், செருகுநிரல்கள் 'டிடாச்' அழைப்பதைத் தடைசெய்தோம்.

மூடிய பிறகு 'நோலோட்' கொடியுடன் கேட்டுப் பார்க்கும் ஒரு சோதனையையும் சேர்த்தேன். நூலகம் இன்னும் இருந்தால் பதிவேட்டில் உரக்கக் கத்தும். முதல் நாளே கத்தியது. எல்லா இழைகளும் முடிந்துவிட்டன, தனித்துவக் குறியீடுகளும் அணைக்கப்பட்டிருந்தன, ஆனாலும் ஓர் எண்ணிக்கை மிச்சம். தேடிப் பார்த்ததில், செருகுநிரலை ஏற்றியவுடன் அதன் பதிப்பு எண்ணைக் கேட்கும் ஓர் அழைப்பு முதன்மை இழையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்தச் செயற்கூறு பதிப்பு எண்ணைத் தரும் முன் பதிவேட்டில் ஒரு வரி எழுதியது. அந்த வரிக்கான எழுத்து இடையகம் ஓர் இழைசார் பொருள். முதன்மை இழை முடிவது நிரல் முடியும்போதுதான். பதிப்பு எண் கேட்கும் அந்த அழைப்பைக் குழாமின் ஓர் இழைக்கு மாற்றினேன். அடுத்த புதுப்பித்தலில் சோதனைக்கு வெற்று மதிப்பு கிடைத்தது, புள்ளிவிவரக் கோப்பிலும் எண்கள் வந்திருந்தன.